போன் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு

"முதல்ல எட்டு மணி நேரம் விடாம சார்ஜ் போடுங்க. அப்புறம் சுத்தமா இறங்கின பிறகுதான் மறுபடி போடணும்." புதுப் போன் வாங்குபவர்களுக்கு இப்படிச் சொல்லி அனுப்பும் கடைக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, போன் தானாக அணையும்வரை காத்திருந்து சார்ஜரைத் தேடுபவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. அறிவுரை பொய்யல்ல, பழையது. நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் ஓடிய காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. பாதி இறங்கியதும் ஏற்றி, மறுபடி பாதி இறங்கியதும் ஏற்றிப் பழக்கினால் அவை முழுக் கொள்ளளவைத் தராமல் போகக்கூடியவை. இன்று உங்கள் கையில் இருப்பது லித்தியம்-அயனி பேட்டரி. அதைச் சுத்தமாக வற்றவிடுவதால் ஒரு நன்மையும் கிடையாது. அடிக்கடி அப்படிச் செய்தால் ஆயுள் குறையும்.

அப்படியானால் லித்தியம் பேட்டரியை உண்மையில் எது கெடுக்கிறது? பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்வது இயல்பு, அதைத் தவிர்க்க முடியாது. நம் கையில் இருப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று சூடு. இன்னொன்று, 100 சதவீதம் நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் கிடப்பது. இரண்டும் சேர்ந்துவிட்டால் தேய்மானம் வேகமெடுக்கும். இவற்றைக் கவனித்துக்கொண்டால் மற்ற கவலைகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம். ஏன் என்பது பேட்டரிக்குள் நடப்பதைப் பார்த்தால் விளங்கும்.

போன் பேட்டரி என்பது இரண்டு உலோகத் தகடுகளின் சுருள். மெல்லிய செம்புத் தகட்டின் மேல் கிராஃபைட் பூசியிருக்கும். அலுமினியத் தகட்டின் மேல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பூசியிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் படலம் ஒன்று, காகிதத்தைவிட மெல்லியது. எல்லாவற்றையும் ஒரு திரவம் நனைத்திருக்கும். இந்தத் திரவம் தண்ணீர் கலந்தது அல்ல, தீப்பற்றக்கூடிய கரிமக் கரைப்பான். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் ஆக்சைடை விட்டுக் கிளம்பி, திரவத்தைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. எதுவும் எரிந்து தீர்வதில்லை. இந்தப் போக்குவரத்துதான் நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்ற இடம் தருகிறது.

இந்த எளிய போக்குவரத்தை அமைக்க இருபது ஆண்டுகள் பிடித்தன. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், அயனிகள் அடுக்குகளுக்குள் புகுந்து வெளிவரும் பேட்டரியை உருவாக்கினார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு, லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு 4 வோல்ட் வரை எட்டலாம் என்று காட்டியது. ஆனால் மறுமுனையில் தனி லித்தியம் உலோகத்தை வைத்தவர்களுக்கு ஒரு தொல்லை தீரவில்லை. சார்ஜ் ஏற்ற ஏற்ற அந்த உலோகத்தின் மேல் ஊசி ஊசியாக லித்தியம் வளர்ந்தது. அது படலத்தைக் குத்தி எதிர்முனையைத் தொட்டால் தீப்பிடித்தது. 1989இல் மோலி எனர்ஜி என்ற கனடிய நிறுவனத்தின் பேட்டரிகள் ஜப்பானில் தொலைபேசிகளில் தீப்பிடித்து, திரும்பப் பெறப்பட்டன. ஜப்பானின் அகிரா யோஷினோ 1985இலேயே இதற்கு விடை கண்டிருந்தார்: உலோகம் வேண்டாம், கரிப்பொருளின் அடுக்குகளுக்குள் அயனிகள் இருக்கட்டும். அந்த வழியில் சோனி 1991இல் முதல் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

நம் பக்கத்திலும் இந்தத் துறைக்கு ஒரு வீடு உண்டு. அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் லித்தியம் பேட்டரிகளிலும் ஆய்வு செய்துவருகிறது. பெட்டிக்கடைவரை லித்தியம் வந்துவிட்ட இந்நாளில், அந்தக் கொடையின் தொலைநோக்கை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

மறுபடி பேட்டரிக்குள் போவோம். முதல் சார்ஜின்போதே கிராஃபைட்டின் மேல் திரவம் சிறிது சிதைந்து ஒரு மெல்லிய தோல் படிகிறது. அந்தத் தோல் தேவையானது. மேற்கொண்டு சிதையாமல் காப்பது அதுதான். ஆனால் அது வளர்வது முழுக்க நிற்பதில்லை. வளரும் ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் லித்தியத்தை விழுங்கிக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய லித்தியம் இனி போக்குவரத்துக்கு வராது. "முன்ன மாதிரி சார்ஜ் நிக்கல" என்று நாம் சொல்வதன் பெரும்பங்கு இதுதான். வெப்பம் கூடினால் இந்தத் தோல் வேகமாகத் தடிக்கும். மறுமுனையில், பேட்டரி முழுக்க நிறைந்து மின்னழுத்தம் 4.2 வோல்ட்டையும் தாண்டி (இன்றைய போன்களில் சுமார் 4.4 வரை) நிற்கும்போது கோபால்ட் ஆக்சைடு திரவத்தை அரிக்கத் தொடங்குகிறது.

பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். பயன்படுத்தாமல் சும்மா வைத்த பேட்டரியைப் பற்றியது அது. 40 சதவீத சார்ஜில், 25 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு வைத்தால் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரியானால் முறையே 85, 65. எல்லாப் பேட்டரிக்கும் அப்படியே இந்த எண்கள் வரும் என்றில்லை, ஆனால் போக்கு இதுதான். 40 டிகிரியில் முழு சார்ஜோடு ஓர் ஆண்டு சும்மா கிடந்தே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பயன்படுத்தாத பழைய போனையோ பவர் பேங்கையோ அலமாரியில் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். சுத்தமாக இறங்கிய நிலையிலும் வைக்கக்கூடாது. மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தால் மின்னழுத்தம் அடிமட்டத்துக்கும் கீழே போய், செம்புத் தகடே கரையத் தொடங்கும்; பிறகு அது சார்ஜ் ஏற மறுக்கும்.

40 டிகிரி நமக்கு அயல் எண் அல்ல. வேலூரிலும் திருத்தணியிலும் கரூர் பக்கத்திலும் கத்திரி வெயிலில் நிழலிலேயே அந்த அளவு வரும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். போனைப் பயன்படுத்துவதற்கு ஆப்பிள் நிறுவனம் சொல்லும் வெப்ப அளவோ 0 முதல் 35 டிகிரி. அதாவது நம் கோடைப் பகல் பாதுகாப்பு எல்லைக்கு வெளியிலேயே தொடங்குகிறது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருபவர்கள் உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும். நடுப்பகல் வெயில் நேராக விழும்படி ஹேண்டில்பாரில் போன். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வெளிச்சம் முழு அளவில். மேப் ஓடுகிறது, டேட்டா ஓடுகிறது, ஜிபிஎஸ் ஓடுகிறது. போதாததற்கு வண்டியின் யுஎஸ்பியிலோ பவர் பேங்கிலோ சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சூடு, சிப்பிலிருந்து ஒரு சூடு, டிஸ்பிளேயிலிருந்து ஒரு சூடு, சார்ஜ் ஏறுவதால் ஒரு சூடு. பிழைப்புக்கான கருவியே அந்தப் போன்தான்; அதற்கே இந்தப் பாடு. அவர்களுக்குச் சொல்லக்கூடியவை சில உண்டு. போனுக்கு மேல் நிழல் விழும்படி சிறு மறைப்பு உள்ள ஹோல்டர் வாங்கலாம். ஓடும்போது சார்ஜ் ஏற்றாமல், கடை வாசலில் ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில், நிழலில் ஏற்றலாம். தடித்த ரப்பர் கவரை வேலை நேரத்திலாவது கழற்றலாம், வண்டி ஆடும் இடத்தில் போன் விழாது என்ற உறுதி இருந்தால். தெரிந்த தெருவில் மேப்பை மூடிவிட்டுத் திரையை அணைத்துவிடலாம்.

சூடு மிஞ்சினால் போன் தானாகவே திரை வெளிச்சத்தைக் குறைக்கும். சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். "சூடாக இருக்கிறது" என்று எச்சரிக்கும். அது கோளாறல்ல, தற்காப்பு. உடனே குளிர்ச்சியாக்க ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், உள்ளே ஈரம் படியும். கவரைக் கழற்றி, நிழலில், மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும்.

அடுத்த கேள்வி எல்லார் வீட்டிலும் உண்டு: இரவு முழுக்க சார்ஜ் போட்டு வைக்கலாமா? அளவுக்கு மீறி ஏறி வெடித்துவிடும் என்ற பயத்துக்கு நல்ல போனிலும் சார்ஜரிலும் இடமில்லை. 100 ஆனதும் போனின் மின்சுற்று ஏற்றத்தை நிறுத்திவிடும். ஆனால் விடியும்வரை அது முழு நிறைவிலேயே கிடக்கிறது, லேசாக இறங்கியதும் மறுபடி நிரப்பிக்கொள்கிறது. தலையணைக்குக் கீழோ மெத்தை மேலோ இருந்தால் சூடும் சேர்கிறது. அதனால் இரவில் போடுவதாக இருந்தால் மேசைமேல், காற்றோட்டமாக.

இப்போதைய போன்களில் இதற்கென்றே வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் 80 சதவீதத்தோடு நிறுத்தும் தேர்வு பல போன்களில் தென்படும். ஐபோனில் 15ஆம் வரிசையிலிருந்து உண்டு. நீங்கள் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு, அதுவரை 80இல் நிறுத்தி, கடைசியில் மீதியை நிரப்பும் வசதியும் இருக்கிறது. எதைத் தேர்வது? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போன் மாற்றுபவர் 80 வரம்பு வைத்துக்கொண்டு தினமும் மாலையில் திண்டாடத் தேவையில்லை. நான்கைந்து ஆண்டு ஓட்ட நினைப்பவருக்கு, வாங்கிய நாளிலிருந்தே வரம்பு வைப்பது நிச்சயம் பயன் தரும். வெளியூர்ப் பயணத்துக்கு முன் 100 வரை ஏற்றிக்கொள்வதில் தவறே இல்லை. ஏற்றிவிட்டு உடனே பயன்படுத்தப் போகிறீர்கள், நிறைவில் அது நெடுநேரம் கிடப்பதில்லை.

வேக சார்ஜிங்கைப் பற்றிய பயமும் பாதிதான் நியாயம். எந்தச் சார்ஜும் இரு கட்டமாக ஏறும். முதலில் மின்னோட்டம் மாறாமல் வேகமாக ஏறும், மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டதும் மின்னோட்டம் படிப்படியாகக் குறையும். அதனால்தான் முதல் 50 சதவீதம் கண்மூடித் திறப்பதற்குள் ஏறுகிறது, கடைசி 10 சதவீதம் இழுக்கிறது. 67 வாட், 120 வாட் என்று விற்கும் போன்கள் பலவற்றில் பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரித்துச் சுமையைப் பகிர்ந்திருக்கிறார்கள். பேட்டரியின் வெப்பத்தை அளந்து வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் உள்ளே இருக்கிறது. அவசரத்துக்கு வேகமாக ஏற்றுங்கள். இரவில் எட்டு மணி நேரம் இருக்கும்போது பழைய 10 வாட் சார்ஜரே நல்லது. சார்ஜ் ஏறும்போதே விளையாட்டு ஆடுவது, வயர்லெஸ் பலகையில் தடித்த கவரோடு வைப்பது, இரண்டும் வீண் சூடு.

குளிரில் கதை வேறு. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படியும். டொரண்டோவில் இருக்கும் உறவினருக்குச் சொல்லலாம். நமக்கு இந்தக் கவலை இல்லை.

பேட்டரியின் ஆயுளைச் சுழற்சியில் சொல்வார்கள். 100 சதவீத அளவு செலவானால் ஒரு சுழற்சி. இன்று 50, நாளை 50 செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்து ஒன்று. எத்தனை முறை சார்ஜரைச் செருகினீர்கள் என்பது கணக்கில் வராது. ஆகவே இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதில் ஒரு தீங்கும் இல்லை. 20க்கும் 80க்கும் நடுவே ஓட்டுவது பேட்டரிக்கு இதமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்பது என் விருப்பம். கடன் வாங்கி, தவணை கட்டி வாங்கும் போன் அது.

தேய்ந்த பேட்டரி வேறொரு சேட்டையும் செய்யும்: 20 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடும். கேமராவைத் திறந்த நொடியில் இது நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாய் தூர்ந்துபோயிருந்தால் நாலு பேர் ஒரே நேரத்தில் திறக்கும்போது ஒருவருக்கும் வராமல் போகுமே, அதே நிலைதான். வயதாக ஆக பேட்டரியின் உள்மின்தடை கூடுகிறது. சட்டென்று அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து, போன் தன்னைக் காக்க அணைந்துவிடுகிறது. இப்படி அணையாமல் இருக்க ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்தது. 2017 டிசம்பரில் அது வெளிவந்து, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. பேட்டரி நலத்தைச் சதவீதத்தில் காட்டும் பக்கம் ஐபோனில் வந்தது அதன் பிறகுதான். போன் மெதுவாகிவிட்டது என்று புதியது வாங்கக் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். 80க்குக் கீழே இருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினாலே பலருக்கும் போதும்.

மாற்றும்போது கவனம் வேண்டும். முடிந்தால் நிறுவனத்தின் சேவை மையம். வெளிக்கடையில் மாற்றினால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் பேட்டரியில் இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் செல்களின் பாதுகாப்புக்கான தரம் அது. போனோடு வந்தது 4000 எம்ஏஎச் என்றிருக்க, அதே அளவு, அதே எடையில் 6000 என்று அச்சிட்ட பேட்டரியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதே பைக்குள் ஒன்றரை மடங்கு மின்சாரம் அடங்காது. மலிவுப் பேட்டரிகளில் மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் பாதுகாப்புச் சுற்றிலும் நடுப் படலத்திலும்தான். அந்த மெல்லிய படலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2016இன் சாம்சங் கேலக்ஸி நோட் 7 சான்று. ஒரு தயாரிப்பாளரின் பேட்டரியில் மூலை நெரிந்திருந்தது, இன்னொருவருடையதில் வெல்டிங் பிசிறு. சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்து, கடைசியில் அந்த மாடலையே நிறுத்தினார்கள்.

பவர் பேங்க் பற்றியும் ஒரு கணக்கு. 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு. ஆற்றலாகச் சொன்னால் 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக வரும்போது அது 7,400 ஆகிவிடும், மாற்றும் இழப்பும் போனால் இன்னும் குறையும். 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுக்க ஏற்றாததற்குக் காரணம் இதுதான், ஏமாற்று அல்ல. விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் எடுத்துப் போகலாம். அடியில் போகும் பெட்டியில் வைக்கக்கூடாது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணிதான், எல்லைக்குள் வந்துவிடும்.

பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். திரை ஓரமாகத் தூக்கி நிற்பது, பின்மூடி பிளந்து வருவது, மேசையில் வைத்தால் போன் ஆடுவது, இவைதான் அறிகுறி. உள்ளே திரவம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், வாயு போகட்டும் என்று ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். போனை அணைத்து, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில், தரைமேல் வைத்துவிட்டு, கடைக்குக் கொண்டுபோங்கள். புகை வந்தால் அதை மூச்சில் இழுக்காமல் விலகுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். சிறு போன் பேட்டரித் தீயைத் தண்ணீர் நிறைய ஊற்றிக் குளிர்விக்கலாம். சார்ஜரில் செருகியிருந்தால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும்.

மாற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடக்கூடாது. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பற்றும், உள்ளே இருக்கும் கோபால்ட்டும் செம்பும் மண்ணுக்குப் போய் வீணாகும். மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன. பயன்படுத்துபவர் அதை வீட்டுக் குப்பையிலிருந்து தனியே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. முனைகளின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி, போன் நிறுவனத்தின் சேவை மையத்திலோ மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்திலோ கொடுத்துவிடலாம்.